என் பேஸைப் பற்றி ஜெயபாலன் சொன்னது

புந்தோங், ஈப்போ
20.11.1982, சனிக்கிழமை

பாகான் டத்தோவில் தென்னந்தோப்பும் நல்ல பெயருமாக வாழ்ந்துவரும் மச்சான் பத்துமலை அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் வீட்டு மூத்த மாப்பிள்ளை பிச்சைமுத்து பணிவுடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் தங்கை நல்லம்மாளும் உடம்பளவில் சுகம். மனதளவில் நான் சுகமில்லை. அவள் மனதளவிலும் சுகமாகத்தான் இருக்கிறாள், அதுதான் என் வியாதியே. அங்கே நீங்களும் இருளாயி அக்காவும் பிள்ளைகளும், தீபாவளிக்கு முந்தின நாள் தேங்காய் விழுந்து வீங்கிய உங்கள் வலது காலும், கல்லுமலை முருகன் புண்ணியத்தில் தேறியிருக்க வேண்டும். அந்தத் தேங்காய் இன்னும் ஒரு நாள் பொறுத்து விழுந்திருந்தால் நீங்கள் தீபாவளிக்கு இங்கே வந்திருப்பீர்கள், அன்றைக்குச் சபையில் நடந்ததை நேரில் பார்த்திருப்பீர்கள், நீங்களே அவன் காதைப் பிடித்துத் திருகியிருப்பீர்கள், எனக்கும் இந்தக் கடிதம் எழுதுகிற வேலை மிச்சமாகியிருக்கும்.

அவன் என்றது என் சகலையை. உங்கள் இளைய மாப்பிள்ளை, உங்கள் கடைசித் தங்கை நம் பாப்பாவின் வீட்டுக்காரன், ஜெயபாலனை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தை மாதம் உங்கள் மூத்த மகள் கல்யாணத்துக்கு நான் வருவதா வேண்டாமா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அவன் பெரியவர்கள் முன்னால் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் தன் கையால் செய்த ஸ்பீக்கர் பெட்டிகள் கல்யாணப் பந்தலுக்குள் வரக்கூடாது. பந்தலில் பாடினால் என் பெட்டிதான் பாடவேண்டும், இல்லையென்றால் அன்று ஒரு பெட்டியும் பாட வேண்டாம். நான் இதையெல்லாம் பொறாமையில் எழுதுவதாக உங்கள் தங்கை சொல்லக்கூடும். பொறாமைப்பட எனக்கு என்ன குறை? பத்து காஜாவில் ஈயச் சுரங்கப் பம்புகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபது வருஷமாக ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கிறேன், என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு நட்டுகூட வாசலைத் தாண்டாது. நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அவன் தொழிற்பள்ளியில் எலக்ட்ரிக் வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வரிசையிலேயே மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறான், அதுதான் முதல் தப்பு. சித்திரையில் லண்டனிலிருந்து அவன் பெயருக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. ஏதோ கிட் என்றார்கள். அதாவது மச்சான், முழு ஸ்பீக்கரை அனுப்ப மாட்டார்களாம், அதன் உறுப்புகளை மட்டும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, ஒரு படத்தையும் உள்ளே வைத்து அனுப்புவார்களாம், பலகையை அறுத்துப் பெட்டி அடித்து, ஓட்டை போட்டு, கம்பி இழுத்து, ஈயம் பற்றவைத்து, நாமே அதை ஸ்பீக்கராக ஆக்கிக்கொள்ள வேண்டுமாம். ஈப்போ டவுனில் கடை நிறைய முழு ஸ்பீக்கர் அடுக்கியிருக்கும்போது எந்தக் கிறுக்கன் கை கால்களை வாங்கி ஒட்டுவான் என்று நான் மூலைக்கடையில் உட்கார்ந்து சிரித்தேன். கடைக்கார ஜைனுலாப்தீன் பாயும் என்னோடு சேர்ந்து சிரித்தார். வைகாசியில் அவன் பெட்டிகளை முடித்தான். பாய் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார், பிறகு என்னோடு சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

எங்களையும் பாப்பா வந்து கூப்பிட்டாள். "அத்தான், நீங்க வந்து கேட்டாத்தான் அவருக்குத் திருப்தி" என்றாள். போனோம். அவன் ஒரு நாதசுர ரிக்கார்டை வைத்தான். உள்ளதைச் சொல்கிறேன் மச்சான், நன்றாகத்தான் இருந்தது. தவில்காரர் அவன் வீட்டு அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரோ என்று நான் எட்டிக்கூடப் பார்த்தேன். அதுகூடப் போகட்டும். உங்கள் தங்கை அங்கே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு ஆரம்பித்து ஐந்து நிமிஷம் இருக்கும், அவள் தலையைச் சாய்த்தாள், கண்ணை மூடினாள், உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து அப்படியே நின்றது. எனக்கும் அவளுக்கும் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். நான் பேசி அவள் ஒருநாள் கண்ணை மூடிக் கேட்டதில்லை. தைப்பூசத்துக்கு நான் காவடிச்சிந்து பாடும்போது ஊரே கேட்கும், அவள் மட்டும் "தொண்டை கட்டிக்கும், போதும் வாங்க" என்பாள். நான் வாயைத் திறந்தால் அவள் கண்ணும் திறந்திருக்கும், வாயும் திறந்திருக்கும், பதிலும் வந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்டவள் இன்னொருத்தன் அடித்த பலகைப் பெட்டியின் முன்னால் கண்ணை மூடிச் சிரிக்கிறாள் என்றால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், முகம் கழுவி, தலை சீவி, பூ வைத்துக்கொண்டு, "பாப்பா வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வாரேங்க" என்று கிளம்பிவிடுவாள். நானும் பின்னாலேயே போய் அவன் வீட்டு ஜன்னல் வழியாக இரண்டு மூன்று தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே நாற்காலி, அதே மூடிய கண், அதே சிரிப்பு. திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும், எனக்குச் சோறு போடும் கையில்கூட ஒரு உற்சாகம். "என்ன பாட்டு வச்சான்?" என்று கேட்டால், "என்னமோ வச்சாரு, நல்லாத்தான் இருந்துச்சு" என்பாள். பாட்டின் பெயரைக்கூட என்னிடம் சொல்ல மாட்டாளாம். என் வயிறு எரிந்தது மச்சான். மேலே பொறாமை இல்லை என்று எழுதினேன், அதை அடித்துவிடுங்கள். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஆனி மாதம் நானும் லண்டனுக்கு எழுதிப் போட்டேன். அவனுடைய பெரிய ஸ்பீக்கர் எட்டு இஞ்சு. நான் பத்து இஞ்சு கேட்டு எழுதினேன். மூத்த மாப்பிள்ளைக்கு இரண்டு இஞ்சாவது கூட இருக்க வேண்டாமா? பொருள் புரட்டாசியில்தான் வந்து சேர்ந்தது. பெட்டிக்குப் பலகை வேண்டும், அவன் போட்ட பலகையைவிடக் கெட்டியாக வேண்டும். பத்து காஜா போகிற வழியில் ஒரு பழைய கித்தாத் தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிறவர்கள் குடியிருந்த லயத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், அங்கிருந்து நான்கு கதவுகளை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆணி இறங்காத மரம். அறுத்து முடிப்பதற்குள் மூன்று வாள் பல் போனது. ஒரு பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், அதில் இடது பெட்டியின் நெற்றியில் வெள்ளைச் சாயத்தில் 14 என்று லயத்து வீட்டு நம்பர் அப்படியே நிற்கிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை, வருகிறவர்கள் எல்லாரும் "மத்த பதிமூணு எங்க கிராணி?" என்று கேட்கிறார்கள். பெட்டிக்குள்ளே ஆட்டுக் கம்பளியைத் திணிக்கச் சொல்லிப் படத்தில் போட்டிருந்தது. இந்த வெயிலில் நம் ஊர் ஆடு எது கம்பளி போட்டுக்கொண்டு திரிகிறது? இலவம்பஞ்சு போதும் என்று முடிவு செய்தேன். வீட்டில் இருந்தது இரண்டே இரண்டு நல்ல தலையணை, நீங்கள் கல்யாணச் சீராகக் கொடுத்தவை. என் தலையணையை அறுக்க மனம் வரவில்லை, ஆகவே அவளுடையதை அறுத்து இரண்டு பெட்டிக்கும் பாதிப் பாதியாகப் போட்டேன். அவளுக்கு என் பழைய கைலியை நாலாக மடித்துக் கொடுத்தேன். அவள் என்னைச் சும்மா பார்த்தாள்.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆயுத பூஜை வந்தது பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனியன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பின்னால் இரண்டு பித்தளை நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றின் பக்கத்தில் மட்டும் கடுகளவு சிவப்புப் புள்ளி வைத்திருப்பார்கள். அதுதான் பிளஸ், மற்றது மைனஸ். கம்பி மாட்டும்போது அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். நான் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். உங்கள் தங்கை பூஜைக்குத் தையல் மெஷின், சைக்கிள், இஸ்திரிப்பெட்டி, அரிவாள்மணை என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள், மேசையைப் பார்த்திருக்கிறாள். நான் வந்து பார்க்கிறேன், எல்லா ஸ்பீக்கரிலும் இரண்டு நாக்குக்கும் பக்கத்தில் சந்தனம், சந்தனத்துக்கு மேல் சிவப்பாகக் குங்குமம்! "என்னடி பண்ணி வச்சிருக்க?" என்று அலறினேன். "ஒரு பக்கம் மட்டும் பொட்டு வச்சு வுட்டுருந்தீங்க, ஒத்தக் காதுல தோடு போட்ட மாதிரி மூளியா இருந்துச்சு, அதான் இன்னொரு பக்கமும் வச்சேன்" என்கிறாள். நான் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். சந்தனம் போனது, குங்குமம் போனது, லண்டன்காரன் வைத்த புள்ளியும் அதோடு போனது. எது பிளஸ், எது மைனஸ் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஜெயபாலனிடம் போய்க் கேட்கச் சொன்னாள். நான் அவனிடம் கேட்பதா? குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு குத்துமதிப்பாக மாட்டினேன். ஈயம் பற்றவைப்பதில் இரண்டு விரலும் சுட்டது.

தீபாவளியன்று காலை பத்து மணிக்கு வீடு நிறைய ஆள். பாய் வந்திருந்தார், அக்கம்பக்கம் முழுக்க வந்திருந்தது, பாப்பாவும் அவனும் புது உடுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அவன் வீட்டில் கேட்ட அதே நாதசுர ரிக்கார்டைத் தேடி வாங்கி வைத்திருந்தேன். வெத்திலை பாக்குத் தட்டு எடுத்து, சூடம் காட்டி, ஊசியை இறக்கினேன். நாதசுரம் வந்தது. தவிலும் வந்தது, ஆனால் யாரோ அடுத்த தெருவில் காலிப் பால் டின்னைத் தட்டுகிற மாதிரி வந்தது. "என்ன கிராணி, தவில்காரருக்கு மேலுக்கு முடியலையா?" என்று பாய் கேட்டார். நான் நல்லம்மாளைப் பார்த்தேன். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. முறுக்குத் தட்டில் இன்னும் எத்தனை மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் நான் பட்ட பாடு அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மச்சான், அவள் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவன் எழுந்தான். இரண்டு பெட்டிக்கும் நடுவில் போய் நின்றான். தலையை இப்படிச் சாய்த்தான், அப்படிச் சாய்த்தான். நான் இடது பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன், அந்த 14 தெரியக்கூடாது என்று. என்னை நேராகப் பார்த்து, சபை முழுக்கக் கேட்கும்படி, "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க, பேஸ் மாறியிருக்கு லா" என்றான்.

"என்ன மாறியிருக்கு?" என்று கேட்டேன்.

"பேஸ் அண்ணே. ரெண்டும் ஒன்னாச் சேந்து போகணும். உங்களுக்கு ஒன்னு முன்னுக்குப் போகுது, ஒன்னு பின்னுக்குப் போகுது. அதான் நடுவுல ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கு."

பேஸ் என்றால் இங்கிலீஷில் முகம் என்று எனக்குத் தெரியாதா மச்சான்? என் இடது கண் கொஞ்சம் தன் இஷ்டத்துக்குப் பார்க்கும், அது ஊரறிந்த விஷயம். பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அப்பா, "மாப்பிள்ள யாரைப் பாக்குறாரு?" என்று கேட்டதும், "எல்லாரையும் சமமாப் பாக்குறாருப்பா" என்று நீங்கள் சமாளித்ததும் எனக்கு மறக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக உங்கள் வீட்டில் யாரும் அதை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. இவன் சொல்லிவிட்டான். ஒன்று முன்னுக்குப் போகிறதாம், ஒன்று பின்னுக்குப் போகிறதாம். நடுவில் ஒன்றுமே இல்லையாம். நடுவில் மூக்கு இருக்கிறது, எங்கள் பரம்பரை மூக்கு, அது அவன் கண்ணுக்குத் தெரியவில்லையா? அதோடு விட்டானா? "சுசா இல்ல அண்ணே, ரெண்டு நிமிஷ வேலை, அப்படியே நில்லுங்க, நான் திருப்பி வுட்டுர்றேன்" என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை உருவிக்கொண்டு என்னைப் பார்த்து நடந்து வந்தான்!

நான் பொங்கிவிட்டேன். "என் மூஞ்சியப் பத்திப் பேச நீ யாருடா?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் தெரியாதவன் மாதிரி முழித்தான். "மூஞ்சியா? நான் பேஸைத்தானே அண்ணே சொன்னேன்?" என்றான். அதைத்தானே நானும் சொல்கிறேன்! பாய் தேத்தண்ணிக் கோப்பைக்குள் சிரித்தார். நான் வாசலைக் காட்டினேன். பாப்பா அழுதுகொண்டே எழுந்தாள், அவன் ஸ்குரூ டிரைவரோடு அவள் பின்னால் போனான். உங்கள் தங்கை என் பக்கம் நின்றிருக்க வேண்டாமா? "அவரு என்ன சொல்ல வந்தாருன்னு கேட்டுட்டு அப்புறமா கோவிச்சுக்கக் கூடாதா?" என்றாள். அவர்கள் வீட்டிலிருந்து வந்த அதிரசத்தை நான் திருப்பி அனுப்பினேன். அதில் நாலை அவள் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

இன்று சனிக்கிழமை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அவள் அங்கே போயிருக்கிறாள். இந்நேரம் அந்த நாற்காலியில் சாய்ந்திருப்பாள். கண்ணை மூடியிருப்பாள். என் பத்து இஞ்சுக்குத் திறந்த கண், அவன் எட்டு இஞ்சுக்கு மூடுகிறது. இதற்கு மேல் எழுதினால் தாள் நனைந்துவிடும். நீங்கள் மூத்தவர், ஒரு நியாயம் சொல்லுங்கள்.

அங்கே இருளாயி அக்காவுக்கும் பெரியவர்களுக்கும் என் வணக்கம். கல்யாணப் பெண்ணுக்கும் தம்பி தங்கைகளுக்கும் என் மனம் நிறைந்த ஆசி. பாப்பாவுக்கும் ஆசி உண்டு, அவள் எப்போதும் நம் பிள்ளைதான். அவள் வீட்டுக்காரனுக்கு இந்தத் தடவை ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அவமானப்பட்ட முகத்தோடு,
மூத்த மாப்பிள்ளை
பிச்சைமுத்து

பி.கு.: கடிதத்தை மடிப்பதற்குள் உங்கள் தங்கை திரும்பி வந்தாள். "இந்தாங்க, அவரு குடுக்கச் சொன்னாரு, படிக்காமக் கிழிச்சீங்கன்னா சோறு கிடையாது" என்று ஒரு துண்டுத் தாளை நீட்டினாள். ஜெயபாலன் எழுதியிருந்தது இதுதான்: "அண்ணே, நான் சொன்னது பி-எச்-ஏ-எஸ்-இ. உங்கள் காதில் விழுந்தது எஃப்-ஏ-சி-இ. உங்கள் பெட்டியில் காணாமல் போனது பி-ஏ-எஸ்-எஸ், அதாவது தவிலின் கனத்த அடிச்சத்தம். மூன்றும் நம் வாயில் பேஸ்தான், என் மேலும் தப்பு இருக்கிறது. ஒரு பெட்டியில் பிளஸ் மைனஸ் மாறிவிட்டது, அதனால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது, தவில் நடுவில் காணாமல் போகிறது. இடது பெட்டிக்குப் பின்னால் இரண்டு கம்பியையும் இடம் மாற்றிப் போடுங்கள்." நான் இருபது வருஷமாகத் தினமும் காலையில் "த்ரீ பேஸ் மோட்டார்" என்று என் கையாலேயே எழுதிப் பம்பு அனுப்புகிறவன் மச்சான். ஒரு நாளாவது அதை மூன்று முகமுள்ள மோட்டார் என்று நான் நினைத்ததில்லை.

அவள் அடுக்களைக்குப் போகட்டும் என்று காத்திருந்து, கம்பியை மாற்றி, ரிக்கார்டை வைத்தேன். தவில் வந்தது! அலமாரியில் தட்டெல்லாம் கிணுகிணு என்றது. நல்லம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இடது பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், அந்த 14-க்குக் கீழே தலையைச் சாய்த்தாள், கண்ணை மூடினாள். அதே சிரிப்பு! பாட்டு முடியும்வரை மூச்சு விடாமல் நின்றுவிட்டு, "எப்படி இருக்கு நல்லம்மா?" என்று கேட்டேன். இன்னொரு தடவை கேட்டேன். லேசாகக் குறட்டை வந்தது.

தோளைத் தொட்டு எழுப்பினேன். "பாட்டு கேக்கலையா?" என்றேன். "பாட்டா? நான் எங்கங்க பாட்டு கேட்டேன்?" என்றாள். "அங்கயும் ஒரு பத்து நிமிஷம் கண்ணசரத்தான் போவேன். ராத்திரி பூரா உங்க கொறட்டையில எனக்கு ஏது தூக்கம்? பாப்பா வீட்டு நாற்காலில சாஞ்சா சொகமா வரும். இந்த ஒரு மாசமாத் தலகாணியும் இல்ல. இப்பத்தான் இங்கயும் வருது, என் தலகாணி இதுக்குள்ளதான இருக்கு?" சொல்லிவிட்டுத் திரும்பவும் பெட்டியில் சாய்ந்துகொண்டாள். ஆறு மாதமாக நான் வயிறெரிந்தது அவள் தூக்கத்தைப் பார்த்துத்தான் மச்சான். அந்தத் தூக்கத்தைக் கெடுத்ததும் நான்தான்.

ஆகவே மேலே எழுதிய அத்தனையையும் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு நான் ஒரு வாரம் முன்னதாகவே வருகிறேன். அவன் பெட்டிகளும் வரட்டும், என் பெட்டிகளும் வரட்டும், தூக்குவதற்கு நாலு ஆள் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் தங்கைக்கு நல்ல இலவம்பஞ்சில் ஒரு தலையணை தைத்து வையுங்கள். ஜெயபாலன் வீட்டுக்கும் ஒன்று கொடுக்க உங்களுக்குத் தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள், எனக்குப் பொறாமை கிடையாது. அது இதைவிட இரண்டு இஞ்சு சின்னதாக இருக்கட்டும்.